ஆக்‌ஷன் ஹீரோ காமெடிக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடிதடிக்குப் பேர் போன நடிகர் ஒருவர் முழுநீளக் காமெடிப் படத்தில் நடிக்கிறார் என்று செய்தி வந்ததும் அதே சந்தேகங்கள் அதே வரிசையில் வந்துவிடுகின்றன. 2025-ல் லியாம் நீசன் 'தி நேக்கட் கன்' படத்தில் நடித்தபோதும் இதுதான் நடந்தது. பதில் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

எல்லா ஹீரோவும்தான் படத்துல காமெடி பண்றாங்க, இதுல என்ன புதுசு?

நீங்கள் சொல்வது கவுண்டமணியோ வடிவேலுவோ பக்கத்தில் நிற்க, ஹீரோ இடையிடையே ஒரு கவுன்ட்டர் விடுவாரே, அது. அங்கே அடி வாங்குவதும் அசிங்கப்படுவதும் காமெடியனின் வேலை. ஹீரோவின் சட்டை கசங்காது. அடுத்த காட்சியில் வில்லன் வந்தால் அவர் பழையபடி நிமிர்ந்துவிடுவார்.

இங்கே பேசுவது வேறு. படம் முழுக்கச் சிரிப்பு, அந்தச் சிரிப்புக்கு ஆளாவதும் ஹீரோவேதான். பொய் சொல்லி மாட்டிக்கொண்டு முழிப்பார், நாலு வயதுக் குழந்தையிடம் தோற்றுப்போவார், அவர் வீராப்பாகப் பேசியதையே திரையில் இருக்கிற மற்றவர்கள் மதிக்க மாட்டார்கள். நேற்றுவரை ஒரே அடியில் பத்துப் பேரைப் பறக்கவிட்டவர் இதற்கு ஒத்துக்கொள்கிறார் என்றால் அதைத்தான் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மார்க்கெட்டை விட்டுட்டு ஏன் இந்த ரிஸ்க்?

வயது ஒரு காரணம்; முட்டியும் முதுகும் ஒரு கட்டத்துக்கு மேல் ஒத்துழைக்காது. ஆனால் பலர் நினைப்பதுபோல் இது மார்க்கெட் போனவர்களின் கடைசி முயற்சி மட்டும் இல்லை. ரஜினி 'தில்லு முல்லு' செய்தது 1981-ல், 'பில்லா'வும் 'முரட்டுக் காளை'யும் வந்த அடுத்த வருடமே. அர்னால்ட் 'ட்வின்ஸ்' செய்தது 1988-ல், 'ப்ரிடேட்டர்' வந்த மறுவருடம். இரண்டு பேரும் ஏறிக்கொண்டிருந்த காலம் அது.

என் கணிப்பு, ஏறும்போது செய்வதுதான் புத்திசாலித்தனம். கையில் இமேஜ் முறுக்கோடு இருக்கும்போது அதைக் கலைத்தால் ஜனங்களுக்கு அது விளையாட்டாகத் தெரியும். இறங்கும்போது செய்தால் அதே காரியம் பரிதாபமாகத் தெரிகிற ஆபத்து இருக்கிறது.

சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டுத்தான் நடிக்கணுமா?

'ட்வின்ஸ்' கதையைக் கேளுங்கள். ஆறடிக்கு மேல் கட்டுமஸ்தான அர்னால்டும் குள்ளமான டேனி டிவிட்டோவும் இரட்டையர்கள், இதுதான் படத்தின் முழு ஐடியா. துப்பாக்கி தூக்கும் அர்னால்டைப் பார்த்துப் பழகிய ஸ்டூடியோவுக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. அதனால் அர்னால்ட், டிவிட்டோ, இயக்குநர் ஐவன் ரைட்மன் மூன்று பேரும் முன்சம்பளம் வேண்டாம், வருவதில் பங்கு கொடுங்கள் என்று பேசிக்கொண்டார்கள். படம் உலகம் முழுக்க 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. தன் வாழ்க்கையில் அதிகம் சம்பாதித்துக் கொடுத்த படங்களில் இதுவும் ஒன்று என்று அர்னால்ட் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

எல்லோருக்கும் இப்படி அமையாது, சரி. ஆனால் காமெடியில் கார் வெடிப்பதில்லை, கட்டடம் சரிவதில்லை, தயாரிப்புச் செலவு குறைவு. ஓடினால் மிஞ்சுவது அதிகம். முன்சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பங்கு கேட்கிற தைரியம் இருந்தால் கணக்கு மோசமில்லை.

சண்டை போடுற ஆளுக்கு காமெடி டைமிங் எங்கிருந்து வரும்?

சண்டையிலிருந்துதான்! ஒரு குத்து விழும் இடத்தில் தலை சரியாக அந்த நொடி திரும்ப வேண்டும், ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும் பொய் தெரிந்துவிடும். காமெடியில் கதவு மூக்கில் இடிக்கும் காட்சிக்கும் கணக்கு இதேதான். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) என்ற மௌனப் படத்தில் ஒரு வீட்டின் முன்சுவர் அப்படியே பெயர்ந்து பஸ்டர் கீட்டன் மேல் விழும். மாடி ஜன்னல் திறப்பு சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்க, அவர் ஒன்றும் நடக்காததுபோல் நின்றுகொண்டிருப்பார். சுவர் நிஜமானது, கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் ஆள் காலி. அதை ஸ்டண்ட் என்பதா காமெடி என்பதா? அவரிடமிருந்து கற்றுக்கொண்டதாக ஜாக்கி சான் பலமுறை சொல்லியிருக்கிறார், ஜாக்கியின் நாற்காலிச் சண்டைகளைப் பார்த்தால் அது புரியும்.

நம் ஊரிலும் மொட்டை ராஜேந்திரன் ஸ்டண்ட் கலைஞராக இருந்தவர். 2009-ல் 'நான் கடவுள்' படத்தில் பார்த்தாலே நடுங்க வைத்தார், அடுத்த வருடம் 'பாஸ் என்கிற பாஸ்கரன்' படத்தில் அதே உடம்பையும் அதே குரலையும் வைத்துக்கொண்டு தியேட்டரைச் சிரிக்க வைத்தார்.

உடம்புக் காமெடிக்கு இது போதும். வாயால் செய்கிற காமெடி வேறு சமாச்சாரம். அங்கே சிலர் சறுக்கியிருக்கிறார்கள், ஸ்டாலோன் பற்றிய கேள்வியில் வருகிறேன்.

மூஞ்சில ஒரு எக்ஸ்பிரஷனும் இல்லாத நடிகர்கள் எப்படிச் சிரிக்க வைக்க முடியும்?

எக்ஸ்பிரஷன் இல்லாததுதான் அவர்களுடைய சொத்து. 1980-ல் 'ஏர்ப்ளேன்!' எடுத்தவர்கள் முக்கிய வேடங்களுக்குக் காமெடியன்களைத் தேடவில்லை. லெஸ்லி நீல்சன், ராபர்ட் ஸ்டாக், லாயிட் பிரிட்ஜஸ், பீட்டர் கிரேவ்ஸ் என்று அதுவரை கேப்டன், போலீஸ், அதிகாரி வேடங்களில் விறைப்பாக நின்றவர்களைக் கூப்பிட்டு, இது காமெடி என்றே காட்டிக்கொள்ளாமல் நடியுங்கள் என்றார்கள். வசனம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், சொல்கிறவர் முகமோ ஆபரேஷனுக்கு முன்பு கையெழுத்து வாங்கும் டாக்டர் மாதிரி இருக்கும். சிரிப்பு அந்த இடைவெளியில் வருகிறது.

அந்த நீல்சன்தான் பிறகு 'நேக்கட் கன்' வரிசையில் நடித்தார், 2025 படத்தில் அவர் பாத்திரத்தின் மகனாக வருகிறார் லியாம் நீசன். 2008-ல் 'டேக்கன்' படத்தில் ஃபோனில் கடத்தல்காரனை மிரட்டினாரே, அந்த அடிக்குரல் இங்கேயும் அப்படியே இருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் கொள்ளை நடக்கும் வங்கிக்குள் ஒரு சின்னப் பெண் துள்ளிக்கொண்டு வருவாள், முகமூடியைப் பிய்த்தால் உள்ளே நீசன். அந்தப் பள்ளிக்கூடப் பாவாடையோடே எல்லோரையும் அடித்துப் போடுகிறார், முகத்தில் ஒரு துளி விளையாட்டு கிடையாது. அங்கே அவர் ஒரு கண்ணடித்திருந்தால்கூடக் காட்சி செத்திருக்கும்.

'தில்லு முல்லு'வை ஏன் எல்லாரும் உதாரணம் காட்டுறாங்க?

அதில் கலைக்கப்படுவது என்ன என்று பாருங்கள். அன்றைய ரஜினி என்றால் சிகரெட்டைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கிற ஸ்டைல், வேகநடை, மீசை, அடுத்தவனை அலட்சியமாகப் பார்க்கும் பார்வை. பாலசந்தர் இந்த ஆளைக் கொண்டுபோய் ஒரு வேலைக்காக நேர்காணலில் உட்கார வைக்கிறார். எதிரே தேங்காய் சீனிவாசன், இளைஞர்கள் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஏகப்பட்ட கொள்கைகள் உள்ள முதலாளி. அவரைக் கவிழ்க்க ரஜினி தன் பெயரை 'அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் இந்திரன்' என்று மூச்சு விடாமல் சொல்கிறார். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. அவரால் அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டுப் போக முடியும் என்பது தியேட்டரில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும், அவர் கவிழ்க்காமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேடிக்கை.

அப்புறம் மீசை. பொய் சொல்லிவிட்டு மேட்ச் பார்க்கப்போய் முதலாளியிடம் மாட்டிக்கொள்கிறார், சமாளிக்க இல்லாத ஒரு தம்பியை உருவாக்குகிறார். மீசை வைத்தால் இந்திரன், மீசை இல்லாவிட்டால் சந்திரன். ஆக, ரசிகர்கள் கும்பிட்ட ஒரு அடையாளம் ஒட்டுகிற எடுக்கிற சாமானாக ஆகிவிடுகிறது. 1981-ல் ஒரு தமிழ் ஹீரோ தன் மீசையைக் கதையின் கேலிப்பொருளாகக் கொடுத்தார் என்பதை இன்றைக்கு நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். விசுவின் வசனமும் சௌகார் ஜானகியின் ஆட்டமும் இல்லாமல் இது நின்றிருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே கதைதானே இந்தியிலயும் 2013-லயும் வந்தது? அதுல ஏன் இந்த எஃபெக்ட் இல்ல?

இந்தி மூலம் 'கோல் மால்' (1979), அதில் நாயகன் அமோல் பாலேகர். அவர் பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி முகம் உள்ளவர், அவர் பொய் சொல்லி முழிக்கும்போது ஐயோ பாவம் என்று சிரிக்கிறோம். அது தன்னளவில் அருமையான படம், ஆனால் அங்கே உடைபட ஒரு இமேஜ் கிடையாது. 2013-ல் தமிழில் மறுபடி எடுத்தபோது சிவா நடித்தார். அவர் ஏற்கனவே 'தமிழ்ப்படம்' செய்து நம்மைச் சிரிக்க வைத்தவர், திரையில் வந்து நின்றாலே ஏதோ குறும்பு செய்யப்போகிறார் என்று தெரியும்.

மூன்றிலும் கதை ஒன்றுதான், பொய்யும் ஒன்றுதான். நடிகர் நேற்றைய படங்களிலிருந்து கொண்டுவரும் சுமை மட்டும் வேறு. அதனால்தான் ஆக்‌ஷன் ஹீரோ நடிக்கிற காமெடியை மற்ற காமெடிகளோடு ஒன்றாக வைத்துப் பேச முடியாது என்கிறேன்.

அப்போ ஸ்டாலோன் காமெடி மட்டும் ஏன் ஊத்திக்கிச்சு?

1991-ல் 'ஆஸ்கர்', 1992-ல் 'ஸ்டாப்! ஆர் மை மாம் வில் ஷூட்'. இரண்டாவது படத்துக்கு அவருக்கு மோசமான நடிகருக்கான ராஸி விருதே கொடுத்தார்கள். அந்தப் படத்தை அவர் தலையில் கட்டியதே அர்னால்ட்தான் என்பது ஊரறிந்த கதை: கதை குப்பை என்று தெரிந்துகொண்டு, எனக்கு இதில் ரொம்ப ஆர்வம் என்று வேண்டுமென்றே பேச்சைக் கிளப்பிவிட்டார், போட்டியில் இருந்த ஸ்டாலோன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமே பிற்பாடு இதைச் சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்து கோளாறு இதுதான். 'ஆஸ்கர்' ஒரு பிரெஞ்சு மேடை நாடகம். ஆள் மாறாட்டம், பை மாறாட்டம், நிமிடத்துக்கொரு முறை கதவு திறந்து ஒருவர் வருவார், எல்லாவற்றுக்கும் நாக்கு சுழல வேண்டும். ஸ்டாலோனின் பலம் குறைவாகப் பேசிவிட்டு அடிபட்ட நாய்க்குட்டி மாதிரி பார்ப்பது. அதற்கு நேர் எதிரான இடத்தில் அவரை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது படத்தில் ஸ்டாலோனின் அம்மாவாக வருகிறவர் அவருடைய துப்பாக்கியைப் பாத்திரம் மாதிரி கழுவி வைப்பார், ஐடியா நல்ல ஐடியாதான், ஆனால் அதற்கு ஸ்டாலோன் எரிந்து விழுகிறார், அடுத்ததற்கும் எரிந்து விழுகிறார், படம் முழுக்க எரிந்து விழுவதைத் தவிர அவருக்கு வேலையே இல்லை.

இதே மனிதர் 1993-ல் 'டெமாலிஷன் மேன்' செய்தார். 1996-ல் உறைய வைக்கப்பட்ட முரட்டு போலீஸ்காரன் 2032-ல் விழித்தெழுகிறான், கெட்ட வார்த்தை பேசினால் சுவரில் இருக்கும் எந்திரம் அபராதச் சீட்டு நீட்டுகிற காலம். அவர் வழக்கமான ஸ்டாலோனாகவே இருக்கிறார், சுற்றியிருக்கிற உலகம்தான் கிறுக்குப் பிடித்துக் கிடக்கிறது. நன்றாகச் சிரிக்கலாம். நீசன் பற்றிச் சொன்னதை இங்கேயும் பொருத்திக்கொள்ளுங்கள்.

காமெடி பண்ணிட்டா மாஸ் போயிடாதா?

இதுவரை யாருக்கும் அப்படிப் போனதாகத் தெரியவில்லை. ரஜினி 1994-ல் இரண்டு மனைவிகளிடம் சிக்கித் தவிக்கும் 'வீரா'வில் நடித்தார், அடுத்த பொங்கலுக்கு 'பாட்ஷா'. அர்னால்ட் 1990-ல் 'கிண்டர்கார்டன் காப்' படத்தில் குழந்தைகளிடம் மாட்டிக்கொண்டு கத்தினார், 1991-ல் 'டெர்மினேட்டர் 2' வந்தது. யாரும் முந்தைய படத்தை நினைத்துக்கொண்டு சிரிக்கவில்லை.

மாஸைக் கெடுப்பது மோசமான படம். அது காமெடியாக இருந்தாலும் அதுதான், சண்டைப் படமாக இருந்தாலும் அதுதான்.

முழுப்படம் வேண்டாம், ஒரு கெஸ்ட் ரோல்ல வந்துட்டுப் போயிடலாமே?

சேஃப்தான், ஒழுங்காகச் செய்தால் ஆதாயமும் உண்டு. 'ட்ராபிக் தண்டர்' (2008) படத்தில் டாம் க்ரூஸ் வழுக்கைத் தலை, மயிரடர்ந்த மார்பு, தடித்த கைகளோடு வாய் கூசாத தயாரிப்பாளராக வந்து ஆட்டமும் போட்டார். கை பெரிதாக இருக்க வேண்டும், ஆட வேண்டும் என்பதெல்லாம் அவர் யோசனை. கொஞ்ச நேர வேடத்துக்கே கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது.

'ஸ்பை' (2015) படத்தில் ஜேசன் ஸ்டேதம் செய்தது எனக்கு இதைவிடப் பிடிக்கும். வேஷம் எதுவும் போடவில்லை. வழக்கமான ஸ்டேதம் வந்து வழக்கமான உறுமல் குரலில் தன் சாகசங்களை அளப்பார், ஒரு கை பிய்ந்துபோனதாகவும் அதை மறு கையால் தானே ஒட்ட வைத்துக்கொண்டதாகவும் சொல்வார். எதிரே மெலிசா மெக்கார்த்தி நம்பாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய மற்ற படங்களில் இதில் பாதியை நாம் நிஜமாகவே நம்பிப் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

வில்லன் நடிகர்களுக்கு மட்டும் காமெடி ஈஸியா வருதே, எப்படி?

அவர்களுக்குக் காப்பாற்ற வேண்டிய ரசிகர் மன்றம் இல்லை, அது முதல் வசதி. கிளைமாக்ஸில் அடி வாங்கிப் பழகியவர்கள், தோற்பது புதிதல்ல. ஆனந்தராஜ் வருடக்கணக்காக மிரட்டியவர், 'மரகத நாணயம்' (2017) படத்தில் ட்விங்கிள் ராமநாதன் என்ற தாதாவாக வந்தபோது மிரட்டலைக் குறைக்கவே இல்லை, பெயரே பாதி வேலையைச் செய்துவிட்டது. சத்யராஜும் வில்லனாகத் தொடங்கியவர்தான், 1990-ல் 'நடிகன்' படத்தில் கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு அவர் அடித்த கூத்தை இன்றும் டிவியில் போட்டால் சேனலை மாற்ற மனம் வராது.

எதிர்ப்பக்கம் போனவங்க இருக்காங்களா, காமெடியில இருந்து ஆக்‌ஷனுக்கு?

இருக்கிறார்கள். புரூஸ் வில்லிஸை இன்று ஆக்‌ஷன் ஸ்டாராகத்தான் நினைக்கிறோம், ஆனால் 1988-ல் 'டை ஹார்ட்' வந்தபோது அவர் 'மூன்லைட்டிங்' என்ற டிவி தொடரில் ஜாலியாகப் பேசுகிறவராகத்தான் தெரிந்தவர். பாப் ஓடன்கெர்க் காமெடி எழுத்தாளர், 'நோபடி' (2021) படத்தில் பஸ்ஸுக்குள் அடி கொடுத்ததற்குச் சமமாக வாங்கினார். நம் சூரி பரோட்டா தின்று பேர் வாங்கியவர், 'விடுதலை' முதல் பாகத்தில் (2023) கான்ஸ்டபிளாக மலையேறினார்.

இவர்களுக்கு அனுகூலம் என்னவென்றால் அடிபட்டால் வலிக்கும் என்று நாம் நம்புகிறோம். அந்த வலி ஆக்‌ஷன் ஹீரோவிடம் நமக்குத் தெரிவதில்லை.

தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிட்டா போதும், படம் ஓடிடும்ங்கறாங்களே?

அப்படி என்றால் 'லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ' (1993) பறந்திருக்க வேண்டும். ஒரு பையன் மந்திர டிக்கெட்டோடு சினிமாவுக்குள் போகிறான், அங்கே அர்னால்ட் ஒரு சினிமா ஹீரோ. தன் படங்களில் வரும் எல்லா அபத்தத்தையும் அர்னால்டே கேலி செய்துகொள்கிறார். ஆனால் படம் எதிர்பார்த்தபடி போகவில்லை. 'ஜுராசிக் பார்க்' வந்த அடுத்த வாரமே வெளியிட்டார்கள் என்பது ஒன்று. கேலியா சாகசமா என்று படமே முடிவு செய்யாதது இன்னொன்று. கிண்டல் செய்த அதே வெடிகளைப் பிறகு நிஜமாகவே ரசிக்கச் சொல்கிறது. இன்று பார்த்தால் எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் அன்றைக்குப் பார்த்தவர்கள் குழம்பியதும் புரிகிறது.

'ட்வின்ஸ்' படத்தில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. நடந்துபோகும் அர்னால்ட் 'ராம்போ 3' போஸ்டரைப் பார்த்து நிற்பார், ஸ்டாலோனின் புஜத்தைப் பார்ப்பார், தன் புஜத்தைத் தொட்டுப் பார்ப்பார், ச்சே என்று கையசைத்துவிட்டுப் போய்விடுவார். சில நொடிகள்தான். கிண்டல் அந்த அளவில் இருக்கும்போது தித்திக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு இழுத்தால் கிண்டலுக்கு மேல் வேறொன்று வேண்டும். ஜான்-க்ளாட் வான் டாம் 2008-ல் 'ஜேசிவிடி' படத்தில் அந்த வேறொன்றைக் கொடுத்தார்: கடனும் குழந்தைக்கான வழக்குமாக நொந்துபோன வான் டாமாகவே நடித்து, ஒரு கட்டத்தில் கேமராவை நேராகப் பார்த்து நீளமாகப் பேசுவார். காமெடி என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் அங்கே சிரிக்க மாட்டார்கள்.

சரி, எதுல இருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

'முரட்டுக் காளை' பார்த்துவிட்டு உடனே 'தில்லு முல்லு' பாருங்கள், வரிசை மாறக்கூடாது. ஆங்கிலத்தில் என்றால் 'டேக்கன்' முடித்துவிட்டு 2025-ன் 'தி நேக்கட் கன்'. குழந்தைகளோடு என்றால் 'ட்வின்ஸ்' பரவாயில்லை, 'ட்ராபிக் தண்டர்' வேண்டவே வேண்டாம், அதில் வாயைத் திறந்தாலே வசவுதான். 'ஸ்டாப்! ஆர் மை மாம் வில் ஷூட்' எப்படித்தான் இருக்கிறது என்று பார்க்க ஆசை வரும், துப்பாக்கி கழுவுகிற இடம் வரைக்கும் பார்த்துவிட்டு அணைத்துவிடுங்கள்.